தூரம் கேட்கத் தெரியாத பூட்டு: பொத்தான் கார்களின் சின்ன வரலாறு

பெரியப்பா 2018இல் ஒரு பாவிச்ச ஜப்பான் கார் எடுத்தார். ஹைபிரிட். திறப்பைப் போட்டுத் திருப்புகிற வேலை இல்லை. அது பொக்கற்றுக்குள் கிடந்தால் போதும், கதவு திறக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அமத்தினால் கார் ஸ்டார்ட் ஆகும். முதல் கிழமை முழுக்க வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் அதைச் செய்து காட்டினார். இரவில் மட்டும் பழைய பழக்கம் மாறவில்லை. கேற்றுக்குப் பெரிய ஆமைப்பூட்டு ஒன்று போடுவார், அந்தத் திறப்பைத் தலகாணிக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பார். காரின் திறப்பை? வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணியில் கொழுவி விடுவார்.

அதில் ஒரு பிழையும் எனக்கும் தெரியவில்லை, ஒரு வீடியோவைப் பார்க்கும் வரைக்கும். 2017 செப்டெம்பரில் இங்கிலாந்தின் சொலிஹல் பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில் நடந்தது அது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பொலிஸ் அந்தக் கமராப் பதிவை நவம்பரில் வெளியிட்டது. இரண்டு பேர் வருகினம். ஒருவர் கையில் ஒரு பெட்டியோடு வீட்டுக் கதவடியில் நிற்கிறார். மற்றவர் இன்னொரு பெட்டியோடு மேர்சிடிஸ் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் போய்விட்டது. திறப்பு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இது எப்படி நடந்தது என்று தேடத் தொடங்கினேன். நான் கலைப்பீடத்துப் பிள்ளை, இலத்திரனியல் படித்தவள் இல்லை. அதனால் "எப்படி" என்ற கேள்வியோடு எனக்கு இன்னொரு கேள்வியும் வந்தது: இப்படி நடக்கலாம் என்று எப்போதிருந்து தெரியும்? இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னுக்குப் போவம். ஆரம்பக் கார்களை முன்பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியைப் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணினார்கள். 1912இல் சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரோடு கடிலாக் கார் வந்தது. அதற்குப் பிறகும் பல காலம் திறப்பு மின்னிணைப்பைப் போட மட்டும்தான். ஸ்டார்ட் பண்ணுவதற்கு வேறாக ஒரு பொத்தானோ மிதியோ இருந்தது. ஒரே திறப்பைத் திருப்பி எல்லாவற்றையும் செய்கிற முறையை கிறைஸ்லர் 1949இல்தான் கொண்டுவந்தது. அதாவது, நாங்கள் புதுமை என்று நினைக்கிற பொத்தான் உண்மையில் ஒரு பழைய விருந்தாளி.

அந்தக் காலத்துக் களவு எளிமையானது. ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு இரண்டு வயரைத் தொடுத்தால் கார் ஓடும். இதற்கு மாற்றாக ஸ்டியரிங் பூட்டு வந்தது. 1986இல் கொர்வெட் காரின் திறப்பில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தார்கள். திறப்பின் பல் சரியாக இருந்தாலும் தடையின் அளவு பிழைத்தால் கார் அசையாது. ஆனால் மொத்தமே 15 அளவுகள்தான் இருந்தன. பதினைந்தையும் கையில் வைத்திருக்கிறவனுக்கு அது பூட்டே இல்லை.

உண்மையான மாற்றம் 1990களில் வந்தது. திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் ஒரு சிப்பை வைத்தார்கள். கார் ஒரு கேள்வி கேட்கும், சிப் தனது இரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை சரியென்றால்தான் எஞ்சின் இயங்கும். இதை இம்மொபிலைசர் என்கிறார்கள். பிரித்தானியாவில் 1998 ஒக்டோபரில் இருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். வயர் தொடுக்கிற களவு அங்கே படுத்தே விட்டது.

இந்த வெற்றிக்குப் பிறகுதான் அடுத்த கட்டம். சிப்தான் விடை சொல்கிறது என்றால், திறப்பைத் துளைக்குள் விடுவது எதற்கு? 1990களின் கடைசியில் மேர்சிடிஸ் தனது எஸ் வகுப்புக் கார்களில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. பிறகு ரெனோ ஒரு அட்டையாகக் கொடுத்தது. ரொயோட்டா பிரியஸ் இதைச் சாதாரண ஆக்களின் முற்றத்துக்குக் கொண்டுவந்தது.

அது வேலை செய்கிற விதம் இதுதான். கதவின் கைபிடியைத் தொட்டவுடன் கார் 125 கிலோஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த மீடிறனில் ஒரு அலையை விடும். அந்த அலை ஒன்றிரண்டு மீற்றருக்கு மேல் போகாது. அதைக் கேட்ட திறப்பு முழித்து, 315 அல்லது 433 மெகாஹேர்ட்ஸில் விடை அனுப்பும். இந்த விடை பல மீற்றர் தூரம் போகும். கதவு திறக்கும்.

இங்கேதான் விசயம் இருக்கிறது. "நீ என்னுடைய திறப்புத்தானோ?" என்று கார் கேட்கிறது. அதை நன்றாகவே சரிபார்க்கிறது. "நீ எங்கே நிற்கிறாய்?" என்று அது கேட்பதே இல்லை. என் சத்தம் கேட்டால் பக்கத்தில்தான் நிற்பாய் என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறது. சொலிஹல்லில் வந்த இரண்டு பேரும் எந்த இரகசிய எண்ணையும் உடைக்கவில்லை. காரின் சத்தத்தை வீட்டு வாசலுக்கும், திறப்பின் விடையைக் காருக்கும் காவிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். இதை அஞ்சல் தாக்குதல் என்று சொல்லலாம். அஞ்சலோட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போலத்தான்.

இப்போது என் இரண்டாவது கேள்வி. இது எப்போதிருந்து தெரியும்?

1976இல் ஜோன் கொன்வே என்ற கணிதவியலாளர் தன் நூல் ஒன்றில் ஒரு சதுரங்கத் தந்திரத்தைச் சொல்கிறார். செஸ் விளையாடவே தெரியாத ஒருத்தி, இரண்டு கிராண்ட் மாஸ்டர்களோடு ஒரே நேரத்தில் விளையாடுகிறாள். ஒருவர் வைத்த காயை அப்படியே மற்றவருக்கு எதிராக வைக்கிறாள். உண்மையில் அவர்கள் இருவரும் தங்களுக்குள்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், அது அவர்களுக்குத் தெரியாது. அவள் இரண்டு பேரிடமும் தோற்கவே முடியாது. வீட்டுக் கதவடியில் பெட்டியோடு நின்றவன் செய்ததும் இதேதான்.

1987இல் இவோ டெஸ்மெற் முதலான ஆய்வாளர்கள் இலத்திரனியல் அடையாள அட்டைகளை இதே தந்திரத்தால் ஏமாற்றலாம் என்று எழுதினார்கள். இதற்கு மாபியா மோசடி என்று பெயரும் வைத்தார்கள். 1993இல் ஸ்ரெபான் பிராண்ட்ஸ், டேவிட் சௌம் என்ற இருவர் மருந்தையும் எழுதினார்கள்: விடை சரியா என்று மட்டும் பார்க்காதே, விடை வர எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் அள. ஒளியும் றேடியோ அலையும் ஒரு நனோ செக்கனில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான் போகும். அதைவிட வேகமாக யாராலும் எதையும் காவ முடியாது. விடை பிந்தினால், திறப்பு தூரத்தில் நிற்கிறது.

ஆண்டுகளைப் பாருங்கள். நோய் 1987இல் எழுதப்பட்டது, மருந்து 1993இல். பொத்தான் கார் 1990களின் கடைசியில் சந்தைக்கு வந்தது.

நியாயமாகச் சொல்லவேண்டும். நனோ செக்கனை அளக்கிற சிப்பை, ஒரு சின்ன பற்றரியில் வருடக்கணக்காக ஓடுகிற திறப்புக்குள் மலிவாகப் போடுவது அன்றைக்குச் சுலபம் இல்லை. ஆனால் பூட்டு முழுமையாகவில்லை என்பது ஒரு விசயம். அதை முழுமையான பூட்டு என்று விற்பது வேறு விசயம்.

2011இல் சூரிச்சில் உள்ள ஈ.ரீ.எச். பல்கலைக்கழகத்தின் பிரான்சில்லோன், டானெவ், சப்குன் ஆகியோர் இதைக் கார்களிலேயே செய்து காட்டினார்கள். 8 உற்பத்தியாளர்களின் 10 மாதிரிகளை எடுத்தார்கள். பத்தும் திறந்தன. இனி "இது வெறும் தியறி" என்று சொல்ல இடமில்லை. ஆனாலும் 2016இல் ஜேர்மன் வாகன ஓட்டுநர் சங்கமான அடாக் 24 மாதிரிகளைச் சோதித்தபோது அவை எல்லாமே ஏமாந்தன. 2019 தொடக்கத்தில் அந்தச் சங்கத்தின் பட்டியலில் 237 மாதிரிகள் இருந்தன. அவற்றில் முழுமையாகத் தாக்குப்பிடித்தவை 3 மட்டுமே.

இதற்கிடையில் இன்னொரு கதை. இது அஞ்சல் தாக்குதல் பற்றியது இல்லை, இம்மொபிலைசர் சிப் பற்றியது. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்து ரோல் வெர்டுல்ட், பாரிஷ் எகே ஆகியோரும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து பிளாவியோ கார்சியாவும் மெகமோஸ் என்ற சிப்பின் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். கட்டுரை வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே சிப் செய்த கம்பனிக்கு அறிவித்தும் விட்டார்கள். 2013இல் வொக்ஸ்வாகன் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தக் கட்டுரைக்குத் தடை வாங்கியது. இரண்டு வருடம் கழித்து, 2015இல், ஒரேயொரு வசனத்தை எடுத்துவிட்டு அது வெளிவந்தது. தகவல் வெளியே போனால் கள்வருக்கு உதவும் என்பது கம்பனியின் வாதம். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கார் வைத்திருக்கிற ஆக்களுக்கும் அந்த இரண்டு வருடம் அது மறைந்துதானே இருந்தது?

மறதியும் ஒரு பங்கு எடுத்தது. டி.எஸ்.ரி.40 என்ற திறப்புச் சிப்பில் இரகசிய எண்ணின் நீளம் 40 பிட். மொத்தம் ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி சாத்தியங்கள். எங்களுக்குப் பெரிய எண், கணினிக்குச் சின்ன எண். 2005இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுகூடமும் சேர்ந்து இதை உடைத்துக் காட்டின. 13 வருடம் கழித்து, 2018இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெஸ்லா மொடல் எஸ் காரின் திறப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே அதே டி.எஸ்.ரி.40! சில செக்கன்களில் அந்தத் திறப்பைப் பிரதி எடுக்க அவர்களால் முடிந்தது. பிறகு டெஸ்லா திறப்பை மாற்றியது, ஓட்டுவதற்கு முன் இரகசிய இலக்கம் அடிக்கிற வசதியையும் கொடுத்தது.

"அப்ப பழைய திறப்பே நல்லம்" என்று யாரும் நினைக்கலாம். அதுவும் சரியில்லை. 2021இலும் 2022இலும் அமெரிக்காவில் கியா, ஹூண்டாய் கார்களைப் பெடியள் களவெடுத்துச் சமூக ஊடகங்களில் வீடியோ போட்டார்களே, அவை பொத்தான் கார்கள் இல்லை. திறப்பைத் திருப்புகிற மாதிரிகள். இம்மொபிலைசர் இல்லாதபடியால் ஒரு யூ.எஸ்.பி. வயரின் முனையே திறப்பாகிவிட்டது. அமெரிக்கச் சட்டம் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கவில்லை. கனடாவில் 2007இல் இருந்து கட்டாயம். எல்லைக்கு இந்தப் பக்கம் சட்டம் கேட்டது, அந்தப் பக்கம் கேட்கவில்லை. எனக்கு இதில் விளங்குவது இதுதான்: பூட்டின் பலத்தைப் பல நேரங்களில் பொறியியலாளர் தீர்மானிப்பதில்லை. யார் கேட்கிறார்கள், யார் காசு கட்டுகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. கார் களவு போனால் நட்டம் காப்புறுதிக்கும் சொந்தக்காரருக்கும். பூட்டைச் செய்தவருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை.

மருந்து இப்போது வருகிறது. நேரத்தை அளக்கக்கூடிய அல்ட்ரா வைட்பாண்ட் என்ற றேடியோ முறை 2018 அளவில் இருந்து சில கார்களின் திறப்புகளில் இருக்கிறது. அடாக் பட்டியலில் தப்பிய அந்த மூன்றும் ஜாகுவார் லாண்ட் ரோவர் கம்பனியின் இப்படியான கார்கள்தான். வேறு சில கம்பனிகள் திறப்புக்குள் அசைவை உணரும் கருவியை வைத்தன. ஆணியில் அசையாமல் தொங்கினால் திறப்பு நித்திரை கொண்டுவிடும், யார் கூப்பிட்டாலும் பேசாது. 1993இல் எழுதிய யோசனை கடைக்கு வர 25 வருடம்.

இது தூரத்து ஊர்களின் கதை என்று விட்டுவிடலாமா? இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குத் திரும்ப வழி விட்டது 2025 பெப்ரவரியில்தான். எங்கட வீதிகளில் ஓடுகிற அக்வா, பிரியஸ், வெசல் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தடைக்கு முன் வந்தவை. அதாவது அந்த மருந்து பரவ முதல் செய்யப்பட்ட பூட்டுகள். இறக்குமதி நின்ற காலத்தில் அவற்றின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். சில குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து அந்தக் கார்தான்.

இதையெல்லாம் நான் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. உலோகத்தால் சுற்றி மூடினால் வெளியில் இருக்கிற மின்னேற்றம் உள்ளே எட்டாது என்று 1836இல் பரடே காட்டியதைச் சொன்னேன், றேடியோ அலைக்கும் அது பொருந்தும் என்றேன். பெரியம்மா குசினியில் இருந்து ஒரு பழைய பால்மா ரின்னைக் கொண்டுவந்தா. திறப்பை அதற்குள் போட்டு, ரின்னோடு கார்க் கதவடியில் நின்று கைபிடியைத் தொட்டம். கதவு திறந்தது. மூடி பிளாஸ்ரிக். பிறகு மூடியும் தகரத்தில் இருக்கிற பிஸ்கற் ரின் ஒன்றில் போட்டுப் பார்த்தம். திறக்கவில்லை. நீங்களும் வீட்டில் இப்படியே சோதிக்கலாம், ரின்னை நம்ப வேண்டாம், கதவை நம்புங்கள். உங்கள் காரின் கையேட்டையும் ஒருக்கால் பாருங்கள். சில மாதிரிகளில் இந்த வசதியை நிற்பாட்டி வைக்கவும் வழி இருக்கிறது.

இப்போது ஆணி வெறுமையாக இருக்கிறது. பிஸ்கற் ரின் அறைக்குள், கட்டிலுக்குக் கீழே. அன்றைக்கு மூடியை இறுக்கி அமத்திவிட்டுப் பெரியப்பா கேட்டது இன்னும் எனக்குள் கிடக்கிறது: "இவ்வளவு காலமாத் தெரியுமெண்டால், காரோட சேத்து ஒரு ரின்னையாவது குடுத்திருக்கலாமே பிள்ளை?"