பாட விடப்படாத தாயின் மகள்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

1998 இல் வந்த ‘ஜீன்ஸ்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய பாட்டு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குரலைப் பழக்கியெடுத்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்தப் பாட்டி. பெயர் டி.கே. பட்டம்மாள். 2009 ஜூலை 16 ஆம் திகதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 90.

கர்நாடக சங்கீதப் பாடகி ஒருவரைப் பற்றி அம்பிட்டியவில் இருந்துகொண்டு நாம் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவருடைய கதை ஒரு பாடசாலையில் தொடங்குகிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

பட்டம்மாள் 1919 மார்ச் 19 ஆம் திகதி காஞ்சிபுரத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் அலமேலு. தந்தை தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதர். ஆசாரம் மிகுந்த பிராமணக் குடும்பம். தாய் காந்திமதி நல்ல பாடகி. ஆனால் மேடை ஒருபுறம் இருக்கட்டும், உறவினர், சிநேகிதர் முன்னிலையில்கூட அந்தத் தாய்க்குப் பாட அனுமதி இருக்கவில்லை. குடும்ப வழக்கம் அப்படி.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் மேடையில் பாடிய, ஆடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். பெரும் கலைஞர்களாக இருந்தும் சமூகம் அவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை. ஆகவே ‘நல்ல குடும்பத்துப்’ பிள்ளை மேடையேறினால் குடும்பத்துக்கே இழுக்கு என்று நினைத்தார்கள். கலைக்காரப் பெண்ணுக்கும் மதிப்பில்லை, வீட்டுப் பெண்ணுக்கும் வாய் திறக்க வழியில்லை.

பட்டம்மாள் முறையான குருகுலவாசம் செய்தவர் அல்ல. சிறு வயதில் தந்தை பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் கச்சேரி நடந்தால் சகோதரர்களோடு போய்க் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் எல்லோருமாக உட்கார்ந்து, கேட்டதை நினைவிலிருந்து எழுதிக்கொள்வார்கள். இப்போது கைபேசியில் ஒரு நொடியில் பதிவு செய்கிறோம். அன்று காதும் கொப்பியும்தான்.

இங்கேதான் அந்தப் பாடசாலை வருகிறது. காஞ்சிபுரத்தில் அவர் படித்த பாடசாலையின் தலைமையாசிரியை அம்முகுட்டி அம்மாள். பிள்ளையின் குரலைக் கேட்டு, பாடசாலை நாடகத்தில் பாடி நடிக்க வைத்தார். அது பத்திரிகை வரை போனது. தந்தை ஆடிப்போனார். இனி இந்தப் பிள்ளையை யார் கலியாணம் முடிப்பார்கள் என்பதுதான் அவருடைய கவலை. அடுத்து இசைத்தட்டில் பாடக் கேட்டு வந்தார்கள். அப்போதும் அந்தத் தலைமையாசிரியைதான் தந்தையோடு பேசி, அவருடைய மனதை மாற்றினார்.

அம்முகுட்டி அம்மாள் சங்கீத வித்துவான் என்பதற்காக இன்று நினைக்கப்படுபவர் அல்ல. ஒரு பிள்ளையிடம் இருந்ததைக் கண்டுகொண்டார், பெற்றோரிடம் போய்ப் பேசினார். ஒரு ஆசிரியரின் சம்பளப் பட்டியலில் இந்த வேலைக்குப் பெயரே இல்லை.

மற்றதெல்லாம் வரலாறு. 1929 இல், பத்து வயதில், சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். சில வருடங்களில் சென்னையில் மேடையேறினார். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை அம்பி தீட்சிதரிடமும் டி.எல். வெங்கடராம ஐயரிடமும் பாடம் செய்தார். பாபநாசம் சிவனிடம் அவருடைய பாடல்களைக் கற்றார். பாரதியாரின் பாடல்களைப் பாடிப் பரப்பினார். இந்தியா சுதந்திரம் பெற்றபோது வானொலியில் பாரதியின் விடுதலைப் பாட்டு அவருடைய குரலில் ஒலித்தது. 1939 இல் வந்த ‘தியாகபூமி’ முதல் படங்களுக்கும் பாடினார். ஆனால் பக்திப் பாட்டும் தேசபக்திப் பாட்டும் மட்டும்தான் என்பதில் உறுதியாக இருந்தார்.

‘ராகம் தானம் பல்லவி’ என்று கச்சேரியில் ஒரு பகுதி உண்டு. ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, தாளக் கணக்குப் பிசகாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பாட வேண்டும். கணக்குப் பாடத்தையும் பாட்டையும் ஒன்றாகச் செய்வது போல. அது ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில் மேடையில் அதைப் பாடி, ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரே பின்னர் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். 1970 இல் சங்கீத கலாநிதி, 1998 இல் பத்ம விபூஷண் என்று விருதுகளும் வந்தன.

நம்மை அதிகம் தொட்டது விருதுகளுக்கு அப்பால் உள்ள பகுதி. பட்டம்மாள் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆசிரியராக இருந்தார். தம்பி டி.கே. ஜெயராமன் அக்காவிடம் கற்று, அக்காவோடு பாடி வளர்ந்தவர். 1990 இல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாரை மணந்து மருமகளாக வந்தார். மாமியாரிடமே பாட்டுப் படித்தார், மாமியாரோடு மேடையிலும் பாடினார். மருமகள் வந்ததும் பாட்டை நிறுத்திவிடும் வீடுகளை நாம் அறிவோம். இங்கே மாமியாரே குரு. அந்த லலிதாவின் மகள்தான் நித்யஸ்ரீ. தாயிடமும் பாட்டியிடமும் படித்து, பாட்டியோடு ஒரே மேடையில் பாடியவர்.

ஒரு வீட்டின் நான்கு தலைமுறையைப் பாருங்கள். காந்திமதிக்கு உறவினர் முன்னால்கூடப் பாட விடவில்லை. மகள் எதிர்ப்பைத் தாண்டிப் பாடினார். மருமகள் மாமியாரிடமே கற்றுப் பாடினார். பேத்திக்குப் பாட்டியே சொல்லிக் கொடுத்தார். எழுபது வருடத்துக்குள் இவ்வளவும் மாறியது. அதன் தொடக்கத்தில் ஒரு பாடசாலையும் ஒரு ஆசிரியையும் இருக்கிறார்கள்.

இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் போகவில்லை. அது வேறு விஷயம். நாம் கேட்பது இது: ‘இனி யார் கலியாணம் முடிப்பார்கள்?’ என்ற அந்தத் தந்தையின் கேள்வி நம் வீடுகளில் இன்னும் கேட்கிறதா, இல்லையா? தமிழ்மொழித்தினப் போட்டியில் கோட்ட மட்டத்தில் பேச்சில் முதலாமிடம் வந்த பிள்ளையை, வலய மட்டத்துக்கு அனுப்ப வாப்பா யோசிக்கிறார். நன்றாக ஓடும் பிள்ளை பத்தாம் வகுப்போடு மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். கவிதை எழுதும் பிள்ளை கொப்பியை ஒளித்து வைக்கிறாள். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பயப்படுவது பிள்ளை மீதுள்ள அன்பினால். அந்தப் பயத்தை மதித்து, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் அதற்கு எத்தனை தரம் போயிருக்கிறோம்?

இன்னொன்று. காந்திமதி அம்மாளின் குரல் எப்படி இருந்தது என்று கேட்க இன்று ஒரு வழியும் இல்லை. நம் உம்மும்மா, வாப்பும்மாமாரும் அப்படித்தான். தாலாட்டு, கவி, கதை என்று எத்தனையோ அவர்களோடு மையவாடிக்குப் போய்விட்டன. இருப்பவர்களிடமாவது இந்த வாரம் போய் உட்காருங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு என்ன தெரியும், சின்ன வயதில் எதைச் செய்ய ஆசைப்பட்டார்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்து, பெயரும் ஊரும் திகதியும் எழுதி வையுங்கள்.

உங்களுக்காக வீட்டில் வந்து பேசிய ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு தரம் அழைத்துப் பேசிவிடுங்கள்.