நல்லவர் சொன்னால் போதுமா? - ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோட்ட வரலாறு

ஒருவர் ஐந்து வேளையும் தொழுகிறார். நோன்பு நோற்கிறார். யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர் என்று ஊரே சொல்கிறது. அவர் ஒரு செய்தி சொன்னால் அதை அப்படியே ஏற்றுக் கொள்ளலாமா?

"ஏன், தாராளமாக!" என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். ஆனால் இஸ்லாத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஹதீஸ் கலை அறிஞர்கள் "போதாது" என்றார்கள். அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள், பிறகு எப்படித்தான் ஒருவரை நம்பினார்கள் என்பது மிகவும் சுவையான வரலாறு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல், செயல், அங்கீகாரம் ஆகியவை பற்றிய செய்திதான் ஹதீஸ். ஒவ்வொரு ஹதீஸிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, செய்தி. இன்னொன்று, அது யார் யார் வழியாக வந்தது என்ற பெயர்ப் பட்டியல். இந்தப் பட்டியலுக்கு இஸ்னாத் என்று பெயர். அதில் இடம்பெறும் ஒவ்வொருவரும் ஓர் அறிவிப்பாளர்.

தேவை எப்படி வந்தது?

நபி (ஸல்) அவர்கள் மறைந்தது கி.பி. 632ல். 656ல் மூன்றாவது கலீஃபா உஸ்மான் (ரலி) கொல்லப்பட்டார். தொடர்ந்து உள்நாட்டுப் போர்கள், கட்சிகள், பிரிவுகள். ஒவ்வொரு தரப்பும் தன் நிலைபாட்டுக்கு நபியின் பெயரில் ஆதாரம் தேடியது. கிடைக்காதபோது சிலர் தாங்களே உருவாக்கவும் செய்தார்கள்! முன்பெல்லாம் யாரும் இஸ்னாத் கேட்டதில்லை, குழப்பம் வந்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள் என்று பஸராவைச் சேர்ந்த இப்னு ஸீரீன் (மறைவு 729) கூறியதாக முஸ்லிம் இமாம் தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். அதே பஸராவில் வாழ்ந்த ஷுஅபா (மறைவு 776) அறிவிப்பாளர்களை விசாரித்துத் தரம் பிரிப்பதை ஒரு முறையான கலையாகவே ஆக்கினார்.

இரண்டு கேள்விகள்

ஓர் அறிவிப்பாளரைப் பற்றி இரண்டு விஷயங்கள் விசாரிக்கப்பட்டன. ஒன்று, அவர் நேர்மையானவரா? இரண்டு, கேட்டதைக் கேட்டபடி மனதிலோ ஏட்டிலோ பாதுகாத்து வைத்திருப்பவரா? இரண்டில் ஒன்று குறைந்தாலும் தரம் இறங்கிவிடும்.

இங்கேதான் பக்தியாளர்கள் பலர் மாட்டிக் கொண்டார்கள். ஹதீஸ் விஷயத்தில் நல்லடியார்களிடம் காணப்படும் அளவுக்குப் பொய்யை வேறு எதிலும் கண்டதில்லை என்று யஹ்யா அல்கத்தான் (மறைவு 813) குறிப்பிட்டார். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, அவர்களை அறியாமலே நாவில் அது வந்துவிடுகிறது என்று முஸ்லிம் இமாம் இதற்கு விளக்கம் தருகிறார். கேட்டதையெல்லாம் நம்பி அப்படியே அடுத்தவருக்குச் சொல்லும் வெகுளித்தனமும் ஆபத்துதான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. காரிஜிய்யா கொள்கைக்காரரான இம்ரான் பின் ஹித்தான் அறிவித்த செய்தியை புகாரி இமாம் (மறைவு 870) தம் ஸஹீஹ் நூலில் சேர்த்திருக்கிறார். கொள்கை தவறு என்பது வேறு, வாய் பொய் பேசுகிறது என்பது வேறு!

தணிக்கை செய்த விதம்

நேர்மையை அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்து கொள்ளலாம். நினைவாற்றலை எப்படி அளப்பது? ஒப்பிட்டுப் பார்த்துத்தான்.

யஹ்யா பின் மயீன் (மறைவு 848), ஹம்மாத் பின் ஸலமா என்பவரின் ஹதீஸ்களை அவருடைய மாணவர்களில் 17 பேரிடம் கேட்டு முடித்துவிட்டு, 18வது மாணவரையும் தேடிப் போனாராம். ஒரே செய்தியை எதற்காக இத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? எல்லா மாணவர்களும் ஒரே தவறைச் சொன்னால் அது ஆசிரியர் செய்த தவறு. ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னால் அது அந்த மாணவரின் தவறு. பல கணக்குப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்து, எந்தப் பதிவில் பிழை நுழைந்தது என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை இது.

அடுத்த ஆயுதம் ஆண்டுக் கணக்கு. ஹிம்ஸ் நகருக்கு வந்த உமர் பின் மூஸா என்பவர், காலித் பின் மஃதானிடம் நேரில் கேட்டதாக ஹதீஸ்களைச் சொல்லிக் கொண்டிருந்தார். எந்த ஆண்டு சந்தித்தீர்கள் என்று உஃபைர் என்பவர் கேட்டார். ஹிஜ்ரி 108ல், அர்மீனியப் போரில் என்று பதில் வந்தது. காலித் இறந்ததோ ஹிஜ்ரி 104ல்! செத்து நான்கு வருடம் கழித்தா சந்தித்தீர் என்று உஃபைர் மடக்கிவிட்டார்.

சில சமயம் நேரடிப் பரீட்சையும் நடந்தது. கூஃபாவின் அபூ நுஐம் (மறைவு 834) நம்பகமானவர், சோதிக்க வேண்டாம் என்று அஹ்மத் பின் ஹன்பல் (மறைவு 855) தடுத்தும் இப்னு மயீன் கேட்கவில்லை. அபூ நுஐமின் 30 ஹதீஸ்களை எழுதி, ஒவ்வொரு பத்துக்குப் பிறகும் அவருடையது அல்லாத ஒன்றைச் செருகிப் படித்துக் காட்டினார். முதல் இரண்டையும் இது என்னுடையது அல்ல, அடித்துவிடு என்றார் அபூ நுஐம். மூன்றாவதும் வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. இப்னு மயீனைத் திண்ணையிலிருந்து ஓர் உதை விட்டுத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்! இந்தப் பயணத்தைவிட அந்த உதைதான் எனக்குப் பிரியமானது என்றாராம் இப்னு மயீன்.

ஒரே மனிதருக்கே காலத்தைப் பொறுத்து இரண்டு தீர்ப்புகள் வந்ததும் உண்டு. அதா பின் ஸாயிப் என்பவருக்கு முதுமையில் நினைவு குழம்பிவிட்டது. ஆகவே ஷுஅபா, சுஃப்யான் ஸவ்ரீ போன்று முன்பே அவரிடம் கேட்டவர்களின் அறிவிப்பு ஏற்கப்பட்டது. குழப்பம் வந்த பிறகு கேட்டவர்களின் அறிவிப்பு ஒதுக்கப்பட்டது.

இது புறம் பேசுவது ஆகாதா?

இஸ்லாத்தில் புறம் பேசுவது பெரும் பாவம். "இவர் பலவீனமானவர், இவர் பொய்யர்" என்று பெயர் சொல்லிப் பேசுவது மட்டும் எப்படிச் சரியாகும்? அறிஞர்களைப் புறம் பேசாதீர்கள் என்று அபூ துராப் என்ற சூஃபி அஹ்மத் பின் ஹன்பலிடமே கேட்டார். இது புறமல்ல, மக்களுக்குச் செய்யும் நலன் நாடும் உபதேசம் என்பது அவருடைய பதில்.

இந்தப் பதிலுக்கு உரிய விலையைக் கொடுத்தவர் அலீ பின் அல்மதீனி (மறைவு 849). அவருடைய தந்தை அப்துல்லாஹ் பின் ஜஅஃபரும் ஓர் அறிவிப்பாளர். தந்தையைப் பற்றிக் கேட்டபோது, வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று மகன் நழுவப் பார்த்தார். கேட்டவர்கள் விடவில்லை. சற்று நேரம் தலையைக் குனிந்தவர் பிறகு நிமிர்ந்து, இது மார்க்க விஷயம், என் தந்தை பலவீனமானவர் என்று சொல்லிவிட்டார்.

குறைகள் இல்லையா?

உண்டு. எடை போட்டவர்களும் மனிதர்கள்தானே. இப்னு இஸ்ஹாக்கை மாலிக் இமாம் மிகக் கடுமையாகச் சாடினார். ஷுஅபாவோ அவரைப் புகழ்ந்தார். அதனால், சமகாலத்தவர் ஒருவரையொருவர் விமர்சித்தால் அதை அப்படியே எடுத்துக் கொள்ளக் கூடாது என்று பின்வந்தவர்கள் எச்சரித்தார்கள். நவீன காலத்தில் ஜோசப் ஷாக்ட் 1950ல் வெளியிட்ட நூலில் இஸ்னாதுகளில் பல பிற்காலத்தில் உருவாக்கப்பட்டவை என்று வாதிட்டார். ஹரால்ட் மொட்ஸ்கி போன்றோர் அதை மறுத்து எழுதினார்கள். விவாதம் முடியவில்லை.

ஆனால் அந்த அறிஞர்கள் விட்டுச் சென்ற பதிவுகள் இருக்கின்றன. புகாரி இமாமின் அத்தாரீகுல் கபீர் நூலில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட அறிவிப்பாளர்கள் இடம்பெறுகிறார்கள். பின்னர் இப்னு ஹஜர் (மறைவு 1449) தம் தக்ரீப் நூலில் அறிவிப்பாளர்களை 12 தரங்களாகப் பிரித்தார். அந்த நூலில் அப்துல்லாஹ் பின் ஜஅஃபரின் பெயரைத் தேடினால், அவர் அலீயின் தந்தை என்ற அறிமுகமும் கிடைக்கும். பலவீனமானவர் என்ற தீர்ப்பும் அங்கேயே இருக்கும்.