சாயம் ஏற்றாத ஆடை

சமய வரலாறு என்றதும் ஆலயங்கள் எழுந்த ஆண்டுகளும், சங்கங்கள் கூடிய நாள்களும், பேராயர்களின் ஆணைகளும், குருதி சிந்திய சான்றோரின் இறுதி வேளைகளுமே ஏடுகளை நிறைக்கின்றன. ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை காலையில் விசுவாசி ஒருவன் கடையைத் திறந்து தராசைத் துடைத்துப் பேரேட்டை விரித்தபின், அவனுடைய விசுவாசத்துக்கு என்ன நேர்ந்தது என்று எழுதிவைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர் ஜான் வுல்மன் என்னும் தையற்காரர். அவர் பேராயரல்லர், கல்லூரிப் படிப்பு உடையவருமல்லர். அமெரிக்கா இன்னும் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த நாளில், 1720ஆம் ஆண்டு, மேற்கு நியூ ஜெர்சியில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர்.

அவர் பிறந்தது குவேக்கர் என வழங்கும் நண்பர்கள் சபையில். அச்சபையார்க்குக் குருமார் இல்லை. ஞானஸ்நானம், நற்கருணை ஆகிய வெளிச் சடங்குகளும் இல்லை. ஒன்றுகூடி மௌனமாக அமர்ந்திருப்பர். எவருடைய உள்ளத்திலேனும் தேவ ஏவுதல் எழுந்தால் அவர் எழுந்து பேசுவார். போர் செய்யலாகாது, ஆணையிடலாகாது, பொருளுக்கு ஒரே விலைதான் சொல்ல வேண்டும் என்பன அவர்தம் ஒழுக்கங்கள். இவ்வளவு தூய்மை பேணிய சபையாருள் வசதி படைத்தவர் பலர் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தனர் என்பதுதான் வியப்பு. 1688ஆம் ஆண்டிலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் ஊரினர் சிலர் இது தகாது என எழுத்தில் முறையிட்டனர். அம்முறையீடு மேல்மன்றங்கள் தோறும் கைமாறிச் சென்று, பின் கிடப்பில் போடப்பட்டது. தீமையை எவரும் அறியாமல் செய்யவில்லை. அறிந்தும் பேசாதிருந்தனர் என்பதே பொருந்தும்.

இருபத்தொரு வயதளவில் வுல்மன் மவுண்ட் ஹோலி என்னும் சிற்றூரில் ஒரு கடையில் கணக்கெழுத அமர்ந்தார். ஒருநாள் கடை முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, அதற்குரிய கிரயப் பத்திரத்தை எழுதுமாறு பணித்தார். வாங்குபவர் அருகிலேயே காத்து நின்றார். அவரும் குவேக்கர், வயதில் மூத்தவர். வுல்மனோ ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்ந்த இளைஞர். சிந்திக்க நேரமில்லை. எழுதிவிட்டார். ஆயினும் எழுதுகையில் மனம் வருந்தியதால், அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது எனத் தாம் கருதுவதை இருவர் முன்பும் சொன்னார். அதனால் மனச்சுமை ஓரளவு குறைந்தது. ஆனால் பின்னர் நினைத்துப் பார்த்தபோதெல்லாம், 'என் மனம் இதற்கு இடந்தரவில்லை, என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்டிருக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியது.

இந்நிகழ்ச்சியை அவர் தம் தன்வரலாற்றுக் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதியுள்ளார். புகழ்பெற்றோர் வரலாறுகள் பெரும்பாலும் வெற்றியிலிருந்து தொடங்குவன. இவருடைய பொதுவாழ்வின் தொடக்கமோ ஒரு தோல்வி. அதுவும் பேனா பிடித்த கையின் தோல்வி. சிறிது காலத்துக்குப்பின் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதே போன்ற பத்திரம் எழுத வேண்டினார். இம்முறை வுல்மன் மறுத்துவிட்டார். அவ்விளைஞர் சினங்கொள்ளவில்லை. தமக்கும் இதில் முழு மனமில்லை என்றும், அவ்வடிமை தம் மனைவிக்குப் பரிசாக வந்தது என்றும் சொன்னார். ஒருவர் மறுத்தபின்பே மற்றவருடைய உள்ளத்தில் கிடந்த ஐயம் வாய்திறந்தது என்பது நோக்கத்தக்கது.

பத்திரங்களும் உயில்களும் எழுதுவது அந்நாளில் ஊதியம் தரும் தொழில். வுல்மனின் கையெழுத்தும் சொல்நயமும் அறிந்தோர் அவரையே நாடினர். அண்டை வீட்டார் ஒருவர் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது உயில் எழுதித் தருமாறு அவரை வேண்டினார். வுல்மன் அவர் கூறியவற்றைக் குறித்துக்கொண்டு, அடிமைப் பெண்ணைப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் எழுதினார். பின் அதைக் கொண்டுவந்து காட்டி, அந்தப் பகுதியைத் தம்மால் எழுத இயலாது என அன்போடு சொல்லி, எழுதியதற்குக் கூலியும் வேண்டாம் என்றார். இருவரும் நெடுநேரம் பேசினர். முடிவில் நோயாளி அப்பெண்ணை விடுதலை செய்ய இசைந்தார், உயிலும் நிறைவுற்றது. மேடை இல்லை, முழக்கம் இல்லை. ஒரு படுக்கையறையில், ஒரு தாளின் மீது நடந்த வேலை இது.

வுல்மன் பின்னர்த் தையல் தொழிலைக் கற்றுத் தாமே கடை வைத்தார். 1749இல் சாரா எல்லிஸ் என்பாரை மணந்தார். அடுத்த ஆண்டு மேரி என்னும் மகள் பிறந்தாள். ஆடைக்கு வேண்டிய சில்லறைப் பொருள்களில் தொடங்கிய வணிகம் துணி, சணலாடை என விரிந்து ஆண்டுதோறும் வளர்ந்தது. வளர்ச்சியே அவருக்கு இடுக்கணாயிற்று. மனம் கணக்கிலேயே கிடந்தது. அதுமட்டுமன்று, ஏழைகள் தகுதிக்கு மீறிய துணிகளைக் கடனுக்கு வாங்கிப் பின் நீதிமன்ற வாசலில் நிற்பதையும் கண்டார். விலையுயர்ந்த துணியைக் கேட்டு வந்த வறியவர்க்கு விலைகுறைந்த துணியே போதுமென அறிவுரை கூறும் கடைக்காரர் எவ்வூரிலும் அரியவர். 1756ஆம் ஆண்டையொட்டி அவர் துணி வணிகத்தை விடத் துணிந்தார். வாடிக்கையாளரிடம் முன்னதாகவே சொல்லி, வேறு கடை பார்த்துக்கொள்ளச் செய்தார். உதவிக்கு ஆளின்றித் தாமே தைக்கும் தையலும், ஆப்பிள் நாற்றுகளை ஒட்டுக்கட்டி வளர்க்கும் தோட்டமும் எஞ்சின. இதைத் துறவு என்பது பொருந்தாது. அவர் தொழிலைத் துறக்கவில்லை, அளவு செய்துகொண்டார்.

தொழிலைச் சுருக்கியதால் பயணத்துக்குக் காலம் கிடைத்தது. முன்னரே 1746இல் அவர் தென்பகுதிக் குடியேற்றங்கள் வழியே ஏறத்தாழ 1,500 மைல் சென்று, புகையிலைத் தோட்டங்களில் அடிமைகள் படும் பாட்டை நேரில் கண்டிருந்தார். அதன் பயனாக எழுதிய சிறுநூல், கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருப்பது பற்றியது, 1754இல் சபையின் இசைவோடு அச்சாயிற்று. அப்பயணத்தில் அவரை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. சபையார் வீடுகளில் விருந்தினராகத் தங்கினால் உணவும் படுக்கையும் இலவசம். அவ்வுணவைச் சமைத்தவர் யார்? அப்படுக்கையை விரித்தவர் யார்? கூலி பெறாதவர் உழைப்பில் உண்டு உறங்குவது அக்கூலியைத் தாமும் பறிப்பதாகாதா?

1757இல் மீண்டும் தென்பகுதிக்குச் சென்றபோது அவர் சிறு வெள்ளிக் காசுகளை முன்கூட்டியே சேர்த்து எடுத்துச் சென்றார். புறப்படும் வேளையில் வீட்டுத் தலைவரைத் தனியே அழைத்து, அக்காசுகளை வேலை செய்த அடிமைகளுக்குக் கொடுக்குமாறு வேண்டுவார். சில இடங்களில் தாமே அவர்கள் கையில் கொடுப்பார். விருந்தோம்பலுக்கு விலை வைப்பது எவ்வளவு நாணம் தரும் செயல் என்பதை விருந்தோம்பலை அறமாகக் கொண்ட தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வுல்மனும் அந்நாணத்தை உணர்ந்தார். செல்வர் சிலர்க்குக் காசை நீட்டுகையில் தமக்கும் அவர்க்கும் நேர்ந்த சங்கடத்தைக் குறித்துள்ளார். எனினும் கொடுத்தார்.

அவர் எவரையும் இகழ்ந்து பேசியதாகத் தெரியவில்லை. அவர் காலத்திலேயே பெஞ்சமின் லே என்னும் குவேக்கர், அடிமை வைத்திருப்போரைச் சபை நடுவே வன்மையாகச் சாடி, வெளியேற்றப்பட்டார். லேயின் சினம் நியாயமானதே. அது பலரை உலுக்கவும் செய்தது. வுல்மனின் வழி வேறு. அவர் அடிமை வைத்திருப்போர் வீட்டுக்குச் சென்று, அவர்களுடைய ஆன்மாவின் பொருட்டுக் கவலையுற்றவராய் அமர்ந்து பேசினார். 1758இல் பிலடெல்பியாவில் கூடிய ஆண்டுப் பேரவையில் அடிமைப் பொருள் விவாதத்துக்கு வந்தபோது, காலம் கனியட்டும் என்றனர் சிலர். வுல்மன் எழுந்து பேசினார். இனி அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபை நிருவாகத்தில் பங்குபெறலாகாது என்றும், அடிமை வைத்திருப்போரை வீடுவீடாகச் சென்று காணக் குழு ஒன்று அமைக்க வேண்டும் என்றும் அப்பேரவை முடிவு செய்தது. அக்குழுவில் அவரும் ஒருவர்.

1761இல் நோயுற்றிருந்த வேளையில் சாயமிட்ட ஆடைகளைக் கைவிட வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வலுத்தது. அடிமைகள் விளைவித்த அவுரியின் காரணமாகவே அவர் சாயத்தை ஒதுக்கினார் என்று கூறுவாருளர். அவர் தம் குறிப்பேட்டில் சொல்லும் காரணம் எளிமையானது: சாயம் அழுக்கைப் போக்குவதில்லை, மறைக்கிறது, துணியையும் கெடுக்கிறது. இருக்கும் ஆடைகளை வீணாக்காமல் அவை நையும்வரை உடுத்தினார். பின்னரே இயற்கை நிறத் துணிக்கும் தொப்பிக்கும் மாறினார். அந்நேரம் பார்த்து வெள்ளைத் தொப்பி நாகரிகமாகப் பரவியது! பகட்டைத் துறக்க அணிந்த தொப்பி பகட்டுக்காரர் தலையிலும் ஏறிற்று. நண்பர் சிலர் அவரிடமிருந்து விலகி நின்றனர். கோமாளி போலத் தோன்றும் கூச்சத்தை அவர் தாங்கிக்கொண்டார். சர்க்கரையையும் விட்டார், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அதை விளைவித்தவர்கள் யார் என்பதை அவர் அறிவார்.

இவற்றையெல்லாம் மிகை என்று தள்ளிவிடுவது எளிது. ஒருவர் சர்க்கரை உண்ணாததால் எந்த அடிமையின் விலங்கும் அறுபடவில்லை. ஆயினும் அவர் பிறரைச் சோதிக்குமுன் தம் பழைய கணக்கையே மீண்டும் மீண்டும் புரட்டினார் என்பதை நோக்கும்போது அவ்வாறு தள்ள மனம் வருவதில்லை. இறந்துபோன ஒருவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பு முன்னொருகால் அவருக்கும் மற்றொருவருக்கும் வந்தது. கறுப்பினச் சிறுவன் ஒருவனை முப்பது வயது வரை வேலை செய்ய வேண்டும் என்னும் முறையில் இருவரும் விற்று, அப்பணத்தை அச்சொத்தில் சேர்த்தனர். வெள்ளையர் சிறுவர்களுக்கு இருபத்தொரு வயதில் வேலைக் கட்டு முடியும். ஒன்பது ஆண்டுகள் மிகை. ஆராதனைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கையில் அவ்விளைஞன் கண்ணில் படும்போதெல்லாம் வுல்மனின் மனம் தெளிவின்றித் தவித்தது. கடைசியில் அவர் கணக்குத் தீர்த்தார். ஒன்பதாண்டில் தம் பங்கு பாதி. ஆகவே கடைசி நாலரை ஆண்டுகளுக்கு நடுநிலையாளர் மதிக்கும் தொகையை அவனை வாங்கியவருக்குத் தாமே செலுத்துவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அன்று கிரயப் பத்திரம் எழுதிய அதே கை எழுதிய மீட்புப் பத்திரம் இது.

1772 மே மாதத்தில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணிகள் அறையின் வெளிப்புறத்தில் வீண் அலங்காரச் செதுக்கு வேலைகள் இருந்தன. அவற்றின் செலவும் கட்டணத்தில் அடக்கம். எனவே மாலுமிகள் இருக்கும் கீழ்த்தளத்திலேயே இடங்கொண்டார். நனைந்த உடையோடு நெருக்கத்தில் உறங்கும் மாலுமிச் சிறுவர்களின் துயரை அதனால்தான் அவரால் எழுத முடிந்தது. ஜூன் 8ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். வெளுத்த ஆடையோடு வந்து நின்ற அம்மனிதரை அங்கிருந்த சபையார் முதலில் முகங்கொடுத்து ஏற்கவில்லை என்பது வழிவழிச் செய்தி. அவர் பேசக் கேட்டபின் மனம் மாறினராம்.

இலண்டனிலிருந்து வடக்கே யார்க் நகர் நோக்கி நடந்தே சென்றார். விரைவண்டிகள் ஒரு நாளில் நூறு மைலுக்கு மேல் ஓடின. அவ்விரைவுக்காகக் குதிரைகள் ஓட்டப்பட்டே மாண்டன. அஞ்சல் கொண்டுசெல்லும் சிறுவர்கள் குளிர்கால இரவுகளில் விறைத்து இறந்தனர் எனக் கேள்வியுற்றார். அவ்வண்டிகளில் ஏறவில்லை. கடிதங்களையும் இயன்றவரை அவ்வஞ்சல் வழியே அனுப்பவில்லை. கடலுக்கு அப்பால் மனைவியும் மகளும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. நடந்து சென்ற வழியில் தானிய விலையையும் கூலியையும் விசாரித்துக் குறித்தார். உழைப்பாளிக்கு நாட்கூலி பத்துப் பென்ஸ். ஒரு புஷல் கோதுமை எட்டு ஷில்லிங், அதாவது ஒன்பது நாள் கூலிக்கும் மேல். ஆன்மிகக் குறிப்பேட்டில் கோதுமை விலைக்கு என்ன வேலை என்று அவர் எண்ணவில்லை.

யார்க்கில் பெரியம்மை கண்டு, 1772 அக்டோபர் 7ஆம் நாள் காலமானார். குறிப்பேடு 1774இல் பிலடெல்பியாவில் நூலாக வெளிவந்தது. பின்னாளில் ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் அதைப் பெரிதும் போற்றினார். 1776இல் பிலடெல்பியா ஆண்டுப் பேரவை, அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சபையிலிருந்தே விலக்கத் தீர்மானித்தது. அடிமைமுறை அந்நாட்டு மண்ணிலிருந்து சட்டப்படி நீங்க, பெரும்போர் ஒன்று முடிந்து 1865ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது.

மவுண்ட் ஹோலிக் கடையில் முதியவர் காத்து நிற்க விற்கப்பட்ட அந்தப் பெண் பின்னர் என்ன ஆனாள் என்பதைக் குறிப்பேடு சொல்லவில்லை. அவளுடைய பெயரும் அதில் இல்லை.