ஒரே தொடர், ஒரே பிட்ச்: மார்ஷலும் கபிலும்

புதுப் பந்தில் யார் கில்லாடி என்று பேச்சு வந்தால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். லில்லி, ஹாட்லி, மார்ஷல், வாசிம், மெக்ரா, ஸ்டெயின் என்று அது நீளும். நடுவில் கபில் தேவ் பெயரைச் சொன்னால் மட்டும் "சராசரியைப் பாருங்க" என்று ஒரு குரல் எழும். மால்கம் மார்ஷல் 81 டெஸ்ட்டில் 376 விக்கெட், சராசரி 20.94. கபில் 131 டெஸ்ட்டில் 434 விக்கெட், சராசரி 29.64. கிட்டத்தட்ட ஒன்பது ரன் வித்தியாசம். பேச்சு அதோடு முடிஞ்சு போகும்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு ரொம்ப நாளா ஒரு நெருடல் உண்டு. வாழ்நாள் சராசரி என்பது பந்து வீசியவரை மட்டும் அளப்பதில்லை. பிட்ச், மறுமுனையில் வீசுகிறவர், ஸ்லிப்பில் நிற்கிறவர்கள், எதிரே ஆடும் மட்டையாளர்கள் எல்லாம் அதில் கலந்திருக்கு. இருவரையும் ஒரே தராசில் வைக்கணும்னா, ஒரே மைதானங்களில், ஒரே பருவத்தில் இருவரும் வீசியதைப் பார்க்கணும். 1983 கடைசியில் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்து ஆடிய ஆறு டெஸ்ட் தொடர் அதுக்குத் தோதானது.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. இருவரும் டெஸ்ட்டுக்கு வந்தது 1978-ல். கபில் அக்டோபரில் ஃபைசலாபாத்தில், மார்ஷல் டிசம்பரில் பெங்களூரில். ஆனால் வந்து சேர்ந்த வீடுகள் வேற. மார்ஷல் வந்தபோது ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர் என்று ஒரு வரிசையே உருவாகியிருந்தது. கபில் வந்த இந்தியாவிலோ புதுப் பந்து ஒரு தொந்தரவு மாதிரி. சுழல் பந்து வீச்சாளர்கள் வருவதற்குள் பளபளப்பு போனால் சரி என்று கவாஸ்கரையே முதல் ஓவர் போட வைத்திருக்கிறார்கள். 1967-ல் எட்ஜ்பாஸ்டனில் விக்கெட் கீப்பர் புதி குந்தரன் புதுப் பந்தை எடுத்து வீசினார்!

இருவரின் வித்தையும் வேற வேற. புதுப் பந்தில் தையல் எடுப்பாக இருக்கும். அதைச் சற்றே சாய்த்துப் பிடித்து வீசினால், ஒரு பக்கம் ஓடும் காற்றைத் தையல் கலைத்துவிடும். கலைந்த காற்று பந்தோடு கொஞ்சம் அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போகும். மறுபக்கக் காற்று முன்னமே பிரிந்துவிடும். பந்து தையல் காட்டும் பக்கம் வளைவது இதனால்தான். வேகம் ஒரு அளவைத் தாண்டினால் இரு பக்கக் காற்றும் கலைந்து, வளைவு குறையும். கபிலின் வேகம் இதுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பக்கவாட்டில் திரும்பி எம்பி வீசும் அவரோட அவுட்ஸ்விங்கர் நல்லா வளையும். மார்ஷல் அவரைவிட நல்ல வேகம். வேகப் பந்து வீச்சாளருக்கு ரொம்ப உயரம்னு சொல்ல முடியாது, ஆறடிக்குச் சற்றே குறைவு. அதனால் பந்து எழும்பாமல் சறுக்கிக்கொண்டு வரும். வளைவு கம்மியா இருந்தாலும், அதைப் பார்த்து ஆட மட்டையாளருக்கு நேரம் இருக்காது.

இனி தொடருக்கு வருவோம். கான்பூரில் கவாஸ்கரை மார்ஷல் 0, 7 என்று அனுப்பினார். இரண்டாவது இன்னிங்ஸில் பந்து பட்ட வேகத்தில் மட்டையே கையைவிட்டுப் போனது. கல்கத்தாவில் ஆட்டத்தின் முதல் பந்திலேயே கவாஸ்கர் அவுட். சென்னையில் கவாஸ்கர் நாலாவதாக இறங்கினார். ஆனாலும் மார்ஷல் அதற்குள் இரண்டு பேரைத் தூக்கிவிட்டதால் அவர் உள்ளே வரும்போது ஸ்கோர் பூஜ்யம்தான். அங்கிருந்து 236 ரன் எடுத்து அவுட்டாகாமல் நின்றது கவாஸ்கரின் பெருமை.

மறுபக்கம் அகமதாபாத். இரண்டாவது இன்னிங்ஸில் வெஸ்ட் இண்டீஸ் 201-க்குச் சுருண்டது. கேப்டன் கபில் 83 ரன்னுக்கு 9 விக்கெட். அடுத்து இந்தியா 103-க்கு ஆல் அவுட் ஆகித் தோற்றது.

தொடர் முடிவில் வெஸ்ட் இண்டீஸ் 3-0. மார்ஷலுக்கு 33 விக்கெட், கபிலுக்கு 29. சராசரி இருவருக்கும் 18 ரன் சொச்சம்தான்! வாழ்நாள் கணக்கில் இருக்கும் ஒன்பது ரன் இடைவெளியை இங்கே காணோம்.

இன்னொண்ணும் கவனிக்கணும். மார்ஷலோடு வீசிய ஹோல்டிங்குக்கு 30 விக்கெட். ஒருவரைத் தாக்குப்பிடித்தால் இன்னொருவர் காத்திருப்பார். கபிலுக்குத் துணை மதன் லால், பின்னி, சாந்து போன்ற மிதவேகக்காரர்கள். கபிலின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வேறு இந்தியர் யாரும் வரவில்லை. அவர் ஓய்ந்ததும் மட்டையாளர் மூச்சு விடலாம். அதோட அவர் வீசியது கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், ரிச்சர்ட்ஸ், லாயிட் கொண்ட வரிசைக்கு.

ஆறு டெஸ்ட்டை வைத்து மார்ஷலைக் கீழே இறக்க முடியாது. எந்த நாட்டுப் பிட்ச்சிலும் விக்கெட் எடுத்த ஆளு அவர். என் பட்டியலிலும் அவர்தான் முதல். ஆனால் அந்த ஒன்பது ரன்னில் எவ்வளவு கபிலின் கையைச் சேர்ந்தது, எவ்வளவு அவர் தனியாளாக வீசியதற்குச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்காமல், அவரைப் பட்டியலிலிருந்து அடிக்கக் கூடாது.