எட்டாம் நாள் கரைந்த தகடு

1906-07 வாக்கில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆல்பன் லம்போத், 17 வயது நோயாளி ஒருவரின் முறிந்த கால் எலும்பை மக்னீசியத் தகடு வைத்து இணைத்தார். தகட்டைப் பிடித்துக்கொள்ள எஃகு ஆணிகள். எலும்பு கூடியதும் தகடு தானாகவே கரைந்துவிடும், மறுபடி காலைத் திறக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

தகடு கரையத்தான் செய்தது, ஆனால் எட்டே நாளில். தோலுக்கடியில் வாயு திரண்டு நின்றது. எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும். அதைத் தாங்க வந்த தகடோ ஒரு வாரத்தைத் தாண்டவில்லை.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் மக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டியிருப்பார்கள். கண்ணைக் கூசும் அந்த வெள்ளை வெளிச்சத்தோடு நம்மில் பலருக்கு மக்னீசியத்தின் கதை முடிந்துவிடுகிறது. உடம்புக்குள் அது எரியாது, தண்ணீரோடு வினை புரியும். ஒரு கிராம் மக்னீசியம் முழுதாகக் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஹைட்ரஜன் கிளம்பும். பிளஸ் டூ வேதியியலை வைத்தே நீங்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். வாயு மெதுவாக வந்தால் திசுக்களும் ரத்தமும் அதை வாங்கிக் கடத்திவிடும். மொத்தமாக வந்தால் தோலுக்கடியில் கொப்புளம் கட்டும். லம்போத்தின் தகட்டுக்குப் பக்கத்தில் எஃகு வேறு இருந்தது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் தேய்ந்து போகிற பக்கம் மக்னீசியம்.

இருந்தும் மருத்துவர்கள் ஏன் இந்த உலோகத்தின் பின்னால் போனார்கள்? அது உடம்புக்கு அந்நியமில்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது, அதில் பாதிக்குமேல் எலும்பில். லம்போத்துக்கு முன்பே, 1878-இல் எட்வர்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ரத்தக் குழாய்களை மக்னீசியக் கம்பியால் கட்டிப் பார்த்திருக்கிறார். கம்பியின் தடிமனைப் பொறுத்துக் கரையும் காலம் மாறுகிறது என்பதையும் கவனித்திருக்கிறார். லம்போத்தின் உதவியாளர் ஜான் வெர்ப்ருக் 1930-களிலும் விடவில்லை, எஃகைத் தள்ளிவைத்துவிட்டு முயற்சியைத் தொடர்ந்தார்.

அதற்குள் துருப்பிடிக்காத எஃகு வந்துவிட்டது. வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும், வாயு கிடையாது, கணக்கு கிடையாது. மக்னீசியம் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

எஃகு கேட்கிற விலை என்னவென்று எனக்குப் புரிந்தது திருச்சி கே.கே. நகரில், அக்கா வீட்டில். அவள் பையனுக்கு ஒன்பது வயது. சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்கை எலும்பு இரண்டும் முறிந்தன. உள்ளே கம்பி வைத்தார்கள், கையும் நன்றாகவே கூடியது. சில மாதம் கழித்து, "கம்பிய எடுத்துரணும், வளர்ற புள்ள" என்றார் டாக்டர். அதாவது மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், மாமாவுக்கு மறுபடி லீவு, மறுபடி பணம். பையன் கேட்டது ஒன்றுதான்: "மாமா, கைதான் சரியாயிருச்சே, அப்புறம் ஏன் வெட்டணும்?"

நூறு வருஷத்துக்கு முன்னால் லம்போத் கேட்ட கேள்வியும் இதுதான். 2005-இல் ஜெர்மனியில் குறைமாதக் குழந்தை ஒன்றின் நுரையீரல் தமனிக்குள் மக்னீசிய ஸ்டென்ட் வைத்தபோதும் மருத்துவர்கள் முன் நின்றது இதே கேள்வி. குழந்தையின் ரத்தக் குழாய் வளரும், எஃகு வளையம் வளராது.

சரி, மக்னீசியத்தை எப்படி மெதுவாகக் கரைய வைப்பது? நமக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிகள் உள்ளே ஈயம் பூசி வைப்பார்கள். தெருவில் "ஈயம் பூசுறது" என்று குரல் கேட்டதும் பாத்திரங்கள் வெளியே வரும். பூச்சு தேய்ந்தால் அடுத்த முறை மறுபடி பூசிக்கொள்ளலாம். எலும்புக்குள் இருக்கிற தகட்டுக்கு அந்த வசதி இல்லை, ஒரே பூச்சுதான்.

அந்த ஒரே பூச்சைத் தேடுகிற வேலை அதே திருச்சியில், தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் இருக்கும் என்.ஐ.டி.யிலும் நடந்திருக்கிறது. அங்கே உலோகவியல் துறையில் என். ரமேஷ்பாபுவும் டி. ஸ்ரீகாந்தும் ஏஇசட்31 என்ற மக்னீசியக் கலவையில் (சுமார் 3 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம்) செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. முதல் படி பிளாஸ்மா எலக்ட்ரோலிட்டிக் ஆக்சிடேஷன். உலோகத்தைக் கரைசலில் முக்கி, சாதாரண முலாம் பூச்சுக்குத் தருவதைவிடப் பல மடங்கு வோல்ட் கொடுப்பார்கள். மேற்பரப்பெங்கும் குட்டிக் குட்டித் தீப்பொறிகள் ஓடும். ஒவ்வொரு பொறியும் தான் தொட்ட இடத்தை உருக்கி ஆக்சைடாக, பீங்கான் மாதிரி இறுக்கிவிட்டுப் போகும். வெளியிலிருந்து ஒட்டியதல்ல என்பதால் அது எளிதில் உரியாது. அதன்மேல் இரண்டாவது படியாக, மின்புலத்தைக் கொண்டு ஹைட்ராக்சிஅபடைட் துகள்களைப் படிய வைத்தார்கள். நம் எலும்பின் கனிமப் பகுதியும் இந்த வகைச் சேர்மம்தான்.

இரண்டாவது படி எதற்கு? தீப்பொறி வெளியேறிய இடமெல்லாம் நுண்துளை. துளை வழியே உப்புநீர் இறங்கினால் கவசம் மேலே இருக்கும், உலோகம் அடியில் அரிக்கும். சென்னைத் தரமணியில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் மையத்தில் பணியாற்றிய டி.எஸ்.என். சங்கர நாராயணன், தென் கொரிய ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 2014-இல் எழுதிய விரிவான மீள்பார்வைக் கட்டுரை முழுக்க இந்தப் பூச்சைப் பற்றியதுதான்: அதன் அரிப்பு எதிர்ப்பை எந்தெந்த வழிகளில் கூட்டலாம்?

துளையை முழுசாக அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. தண்ணீரே போகாத பூச்சு மக்னீசியத்தை எஃகாக்கிவிடும், பையன் மறுபடி மேசையில் படுக்க வேண்டும். கப்பலுக்கும் பாலத்துக்கும் பூசுகிறவர் எத்தனை வருஷம் தாங்கும் என்று மட்டும் கேட்டால் போதும். இங்கே பூச்சு முதல் சில வாரங்கள் உறுதியாக நிற்க வேண்டும், பிறகு சீராகத் தோற்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் சீக்கிரம் உடைந்தால் அங்கே குழி விழுந்து தகடு முறியும். மென்பொருளில் "தற்காலிகம்" என்று குறிப்பு எழுதி வைத்த நிரல்களைப் பத்து வருஷம் கழித்தும் அப்படியே பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கட்டுவதைவிட அது சரியான நேரத்தில் விலகும்படி கட்டுவது கஷ்டம் என்பதை அதனால் உடனே நம்பினேன்.

2013-இல் மேக்னெசிக்ஸ் என்ற ஜெர்மானிய மக்னீசிய ஸ்க்ரூ ஐரோப்பிய அனுமதி பெற்றது. அது பூச்சை நம்பவில்லை, கலவையின் தரத்தை நம்பியது. 2016-இல் அனுமதி பெற்ற மேக்மாரிஸ் இதய ஸ்டென்ட்டில், மெல்லிய கம்பிகளின்மேல் மருந்தைச் சுமந்த பாலிமர் பூச்சு உண்டு, அதுவும் கரையக்கூடியது. பெரிய எலும்பின் பாரத்தை மாதக்கணக்கில் சுமக்கும் தகடுதான் இன்னும் கடினமான இடம்.

மக்னீசிய ஸ்க்ரூ வைத்தவர்களின் எக்ஸ்-ரேயில் முதல் சில மாதங்களுக்கு ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு கருநிழல் தெரிவது வழக்கம். பழக்கமில்லாத கண்ணுக்கு அது கிருமித் தொற்று போலவோ, ஸ்க்ரூ தளர்ந்தது போலவோ தோன்றும். பெரும்பாலும் எலும்பு வளர வளர அது தானாக மறைகிறது. லம்போத் எட்டாம் நாள் பார்த்து அதிர்ந்த அதே ஹைட்ரஜனுக்கும் அந்த நிழலில் பங்குண்டு. இந்த முறை உடம்பு சமாளிக்கிற அளவில் வருகிறது.