டிவியில ஸ்கோர் பாதி கட் ஆகுதா? ரிப்பேர் இல்லை, செட்டிங்ஸ்தான்!

கடைசி ஓவர். எத்தனை பந்துல எத்தனை ரன் வேணும்னு பார்த்தா, ஸ்கோர் பட்டையில் கீழ்ப்பாதியைக் காணோம். லேப்டாப்பை கனெக்ட் பண்ணினா டாஸ்க்பாரே தெரியலை. உடனே 'பேனல் போச்சு'னு மெக்கானிக்குக்கு போன் போடாதீங்க. பெரும்பாலும் இது 'ஓவர்ஸ்கேன்' செய்யும் வேலை.

அது என்ன ஓவர்ஸ்கேன்?

பழைய டியூப் டிவிகளில் படத்தின் ஓரம் சீராக இருக்காது. அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரங்களை ஃபிரேமுக்குப் பின்னால் மறைத்தார்கள். எல்இடி டிவிக்கு அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் பல டிவிகளில் அந்தப் பழக்கம் தொடர்கிறது. ஓரம் போவது மட்டுமல்ல, மிச்சப் படத்தை இழுத்து ஸ்கிரீனை நிரப்புவதால் சின்ன எழுத்துகளும் மங்கும்.

முதல்ல இதைப் பாருங்க

டிவியில் உள்ள யூடியூப் ஆப்பில் படம் முழுசா தெரியுதா? அப்படின்னா பிரச்னை செட்டாப் பாக்ஸிலோ, அது செருகியிருக்கும் ஹெச்டிஎம்ஐ செட்டிங்கிலோதான்.

எங்கே மாத்தணும்?

* சாம்சங்: பிக்சர் சைஸ் செட்டிங்ஸில் 16:9 வைத்து, 'ஃபிட் டு ஸ்கிரீன்' ஆன் செய்யுங்கள்.
* எல்ஜி: ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' ஆன்.
* சோனி: டிஸ்ப்ளே ஏரியாவில் 'ஃபுல் பிக்சல்'.
* மற்றவை: 'ஸ்கிரீன் ஃபிட்', 'டாட் பை டாட்', '1:1' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். 'ஓவர்ஸ்கேன்' என்றே இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

மாடலுக்கு மாடல் மெனு கொஞ்சம் மாறும். பல டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ-க்கும் தனித்தனியா மாத்தணும். நீங்க பார்க்கும் இன்புட்டில் நின்னுக்கிட்டே மாத்துங்க.

இன்னும் சரியாகலையா?

செட்டாப் பாக்ஸ் மெனுவில் 4:3 அல்லது 'ஜூம்' இருந்தால் 16:9-க்கு மாற்றுங்கள். லேப்டாப் என்றால் டிவியில் அந்த இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். ஃபயர் டிவி ஸ்டிக்கில் 'கேலிபரேட் டிஸ்ப்ளே' இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை

சினிமாஸ்கோப் படங்களில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருவது கோளாறு இல்லை. படம் 2.39:1, டிவி 16:9 என்பதால் வரும் இடைவெளி அது. அதை மறைக்க 'ஜூம்' அழுத்தினால், ஓரத்தில் நிற்கும் நடிகரும் கீழே ஓடும் சப்டைட்டிலும் காணாமல் போகலாம்.

செலவு பைசா இல்லை. ரிமோட்டும் ரெண்டு நிமிஷமும் போதும். அடுத்த மேட்ச்சுக்கு முன்னாடியே மாத்திடுங்க!