வீழும் பெட்டியும் விலகாப் பிணைப்பும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகள் சிலரின் வாழ்க்கைக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும், எத்துணைப் பெரிய மேதையின் கொள்கையும் பரிசோதனைக் களத்தில் இறங்கித் தேறும்வரை ஊகமேயாகும். சத்திச்சொட்டுப் பௌதிகத்திற் ‘பிணைப்பு’ எனப்படும் கருத்தின் வரலாறு இதனை நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

1935 ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன், பொடொல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் கட்டுரையொன்றை வெளியிட்டனர். ஒரே மூலத்திற் பிறந்த இரு துணிக்கைகள் எவ்வளவு தூரம் பிரிந்து சென்றாலும், அவற்றை அளந்து பெறும் விடைகள் தம்முள் இசைந்தே நிற்கும் என்பது சத்திச்சொட்டுக் கொள்கையின் முடிபு. அங்ஙனமாயின் அவ்விடைகள் முன்னரே துணிக்கைகளில் அமைந்திருத்தல் வேண்டும். அதனைக் கூறாத கொள்கை குறையுடையது என அவர்கள் வாதித்தனர். நீல்ஸ் போர் அவ்வாண்டிலேயே மறுப்பெழுதினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இது தத்துவச் சர்ச்சையாகவே கிடந்தது.

இச்சர்ச்சையை அளவைக்கு உட்படுத்தியவர், பெல்பாஸ்ற் நகரத்துத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்த ஜோன் பெல். விடைகள் முன்னரே அமைந்தவையாயின், தூரத்துத் துணிக்கை ஒன்றையொன்று பாதிக்காதாயின், அவற்றின் இசைவு ஓர் எல்லையைத் தாண்ட இயலாது என 1964 இல் அவர் காட்டினார். அவ்வெல்லையைச் சோதிக்க முன்வந்த ஜோன் குளோசர், வீண்வேலை எனப் பெரியோர் பலர் இகழ்ந்ததையும் பொருட்படுத்தாது, மாணவரான ஸ்ருவட் பிரீட்மனுடன் சேர்ந்து, பழைய உதிரிப் பாகங்களையும் பொறுக்கியெடுத்துப் பேர்க்லியிற் கருவி அமைத்தார். 1972 இல் வெளிவந்த அவர்கள் முடிவு எல்லை மீறப்படுவதைக் காட்டிற்று. 1982 இல் பிரான்சில் அலன் அஸ்பே குழுவினரும், 2015 இல் நெதர்லாந்து, ஒஸ்திரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழுவினரும் எஞ்சியிருந்த ஐயங்களைப் படிப்படியாகக் களைந்தனர். 2022 இல் குளோசர், அஸ்பே, சைலிங்கர் ஆகியோருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரீட்மன் 2012 இலேயே மறைந்துவிட்டார்.

இத்துடன் வினா முடிந்துவிடவில்லை. மேற்கூறிய பரிசோதனைகள் யாவும் நிலத்தில் அசையாது நிற்கும் மேசைகளின்மீது நிகழ்ந்தவை. புவியீர்ப்பைப் பற்றி ஐன்ஸ்ரைன் 1915 இல் வகுத்த பொதுச் சார்புக் கொள்கையோ வேறு உலகைக் காட்டுகிறது. தடையின்றி வீழும் பெட்டிக்குள் இருப்பவன் தன் நிறையை உணரான். ஆர்முடுகலும் ஈர்ப்பும் அவ்விடத்தில் வேறுபிரித்தறிய இயலாதவை. இவ்விரு கொள்கைகளும் தத்தம் துறையில் வெற்றி கண்டவை. இரண்டையும் முரணின்றி ஒன்றுபடுத்தி நிறுவப்பட்ட கொள்கை இன்னும் இல்லை. ஆகவே, ஈர்ப்பு மாறும்போது பிணைப்பு நிலைக்குமா என்பதை நேரிற் கண்டறிதல் அவசியமாயிற்று.

வியன்னா விஞ்ஞானிகள் குழுவொன்று பிணைந்த ஒளித்துணிக்கைகளை உண்டாக்கும் கருவியையும் அவற்றை அளக்கும் கருவியையும் ஒரே பெட்டியில் உறுதியாகப் பொருத்திற்று. அப்பெட்டியை 12 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்த்தினர். பின்னர் சுழற்பொறியில் ஏற்றிப் புவியீர்ப்பின் 30 மடங்குவரை ஆர்முடுகச் செய்தனர். 2017 இல் வெளியான முடிவு இதுவே: அளவையின் நுட்பத்துக்கு எட்டியவரை பிணைப்பு சிதையவில்லை.

2016 இல் சீனா ஏவிய செய்மதியொன்று, ஒளியை ஆராய்ந்த பண்டைச் சீன அறிஞர் மோசியின் பெயரைத் தாங்கியது. 2017 இல் அது பிணைந்த ஒளித்துணிக்கைகளை 1200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைத்தூரமுள்ள இரு நிலையங்களுக்கு அனுப்பியது. ஈர்ப்பு வேறுபாடு பிணைப்பைக் குலைக்கலாம் எனக் கூறிய கருத்தொன்றும் அதன்மூலம் சோதிக்கப்பட்டது. 2019 இல் வந்த முடிவு அக்குலைவைக் காட்டவில்லை. எனினும், அக்கருத்தின் திருத்திய வடிவத்தைச் சோதிக்க இன்னும் உயர்ந்த சுற்றுப்பாதை வேண்டும் என்பதை ஆய்வாளர்களே எடுத்துரைத்தனர்.

‘ஒன்றும் நிகழவில்லை’ என்பதைக் கண்டறிய இத்துணை உழைப்பா எனச் சிலர் வினவலாம். 1887 இல் மைக்கல்சனும் மோளியும் தேடிய ஈதர்க் காற்றும் அகப்படவில்லை. பழைய பௌதிகத்தின் அடித்தளம் ஆட்டங்கண்டமைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. நேர்மையாகப் பெற்ற ‘இல்லை’ என்ற விடையும் அறிவின் உடைமையே.

இப்பிணைப்பைக் காட்டி மனோவசியத்தையும் மந்திர சிகிச்சையையும் விற்போர் எங்கும் உளர். ஒவ்வொரு துணிக்கையும் தனித்துத் தருவது தற்செயலான விடையே. இரு பக்க விடைகளையும் ஒப்புநோக்கிய பின்னரே இசைவு புலனாகும். எனவே, பிணைப்பைமட்டும் கொண்டு எவருக்கும் ஒரு சொல்லையேனும் அனுப்ப முடியாது. மயக்கம் விற்போர் இதனை மக்களுக்குச் சொல்வதில்லை. நாம் சொல்லியாக வேண்டும்.

ஐன்ஸ்ரைனின் புகழும் போரின் புகழும் இவ்வழக்கைத் தீர்க்கவில்லை. பழைய உதிரிப் பாகங்களும், வீழ்ந்த பெட்டியும், பெயரறியாத பலரின் கைகளுமே அதனைத் தீர்ப்பை நோக்கி நகர்த்தின. எந்தப் பெரியாரின் சொல்லையும் சோதித்த பின்னரே ஏற்கும் துணிவு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. அறிவை மதிக்கும் சமுதாயம் முழுமைக்கும் உரியதாகும்.